ஓரத்துத் திரைகள்

நாட்டிய நிகழ்ச்சிக்குப் போகிறவர்கள் மேடையைத்தான் பார்ப்பார்கள். ஆடுகிறவளுக்குப் பின்னால் ஆறு ஓடும், தீ எரியும், மேகம் கறுத்துக்கொண்டு வரும். அதெல்லாம் தானாக வருகிறது என்றே பலரும் நினைத்துக்கொள்வார்கள். அரங்கின் கடைசி வரிசைக்குப் பின்னால், மைக்செட்காரரின் மேசையை ஒட்டி, கறுப்புத் துணி போர்த்திய இன்னொரு மேசை இருப்பதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. திருச்சியில் பல வருஷங்கள் அந்த மேசையில் உட்கார்ந்து ஆற்றை ஓடவிட்டவள், தீயை மூட்டியவள் கமலினி.

ஸ்ரீரங்கத்தில் வடக்குச் சித்திரை வீதிப் பெண். அப்பா தேசிகன், ஒரு கல்லூரியில் கணக்கு சொல்லிக்கொடுத்தவர். அவர் படுக்கையில் விழுந்தபோது கமலினி சென்னையில் பார்த்துக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு வந்தாள். அவர் போன பிறகும் திரும்பிப் போகவில்லை. அம்மா குமுதவல்லிக்குத் துணை வேண்டும் என்று சொல்லிக்கொண்டாள். தம்பி ஹ்ருஷிகேஷ் பெங்களூரில் இருந்தான். ஆனால் உண்மைக் காரணம் வேறு. அதற்குள் அவளுக்கு அந்தக் கறுப்பு மேசையின் பைத்தியம் பிடித்துவிட்டது.

பிடிக்க வைத்தவர் நஜிமுதீன். தென்னூர்க்காரர். ஷார்ஜாவில் மேடைக் கம்பெனிகளுக்கு விளக்கும் திரையும் கட்டி வயதைக் கழித்துவிட்டு ஊர் திரும்பியவர். எல்.இ.டி. பலகைகளை அடுக்கிச் சுவர் சுவராகக் கட்டி வாடகைக்கு விடுவார். பென்டிரைவில் வரும் வீடியோவை ஓடவிட்டு ஓடவிட்டு அவருக்கே சலித்துப்போயிருந்தது. பாட்டுக்காரர் ஒரு வரியை இன்னொரு முறை எடுத்துப் பாடினால் வீடியோ காத்திருக்காது. மேடையில் கோபியர் இன்னும் குளித்துக்கொண்டிருக்கும்போது பின்னால் போர்க்களம் வந்துவிடும்.

கமலினியின் கையில் படம் காத்திருக்கும். பின்பக்கம் ஒரு பெரிய சுவர், மேடையின் இரு ஓரங்களிலும் தூண் போல ஒவ்வொரு திரை, சில மேடைகளில் தரையிலும் ஒன்று. லேப்டாப்புக்கு அவை ஒவ்வொன்றும் ஒரு தனி மானிட்டர். எந்தப் படம் எதற்குப் போக வேண்டும், எங்கே வெட்டி எங்கே சேர்த்தால் தண்ணீர் ஒரு திரையிலிருந்து அடுத்ததற்கு ஒட்டுத் தெரியாமல் பாயும் என்பதையெல்லாம் முன்கூட்டியே அதற்கான மென்பொருளில் பிரித்து வைத்திருப்பாள். நிகழ்ச்சி தொடங்கியதும் இடது கை விரல்கள் ஒரு சின்னப் பொத்தான் பெட்டியின் மேல் இருக்கும். மிருதங்கத்தின் அடி எங்கே விழுகிறதோ அங்கே மின்னல் வெட்டும். ஆடுகிறவள் கையைத் தாழ்த்தினால் அலை தாழும். கண்ணை ஆடுகிறவளின் முகத்தைவிட்டு அவள் எடுக்கவே மாட்டாள். ஓரத்துத் திரைகள் ஓரக்கண்ணிலேயே இருக்கும்.

"ஏம்மா, நேராத்தானே பாத்துக்கிட்டிருந்த? அந்த மூலையில ஒரு பலகை அணைஞ்சது எப்படித் தெரிஞ்சுது?" என்று நஜிமுதீன் கேட்டிருக்கிறார்.

"தெரிஞ்சுது பாய்" என்பாள். அதற்கு மேல் விளக்க அவளுக்கும் தெரியாது.

அந்த ஓரப்பார்வை போகத் தொடங்கியபோது, கண்ணில்தான் கோளாறு என்று அவளுக்குத் தோன்றவில்லை. நாமே இப்படிக் கவனமில்லாமல் ஆகிவிட்டோமே என்றுதான் நொந்துகொண்டாள். பக்கத்தில் வந்து யாராவது டீ நீட்டினால் கை தட்டிக் கொட்டிவிடும். மேடையின் பக்கவாட்டு இருட்டில் பெட்டிகள் மேல் முட்டிக்கொள்வாள். இருட்டு அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே சரிப்படாது. ஆனால் இருட்டில் யாருக்குத்தான் தெரிகிறது என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். ஒருநாள் அம்மாமண்டபம் ரோட்டில் ஸ்கூட்டரில் போகும்போது ஒரு பெரியவர் வானத்திலிருந்து குதித்தவர் மாதிரி சக்கரத்துக்கு முன்னால் நின்றார். பிரேக் பிடித்ததில் வண்டியோடு சாய்ந்தாள். "பக்கத்துலதானேம்மா வந்துக்கிட்டிருந்தேன், கண்ணு எங்க வெச்சிருக்க?" என்று அவர் சத்தம் போட்டார். மறுநாளிலிருந்து கமலினி ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் போய்வரத் தொடங்கினாள். பெட்ரோல் விற்கிற விலைக்கு என்று அம்மாவிடம் ஒரு காரணம் சொன்னாள்.

பிறகு ஒரு நிகழ்ச்சியில் வலப்பக்கத் திரை ஒரு பாட்டு முழுக்க உறைந்து நின்றது. பின்சுவரில் அசோகவனம், வலது ஓரத்தில் முந்தைய பாட்டின் அயோத்தி. முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். கமலினிக்கு அது தெரியவே இல்லை. முடிந்த பிறகு நஜிமுதீன் வந்து கேட்டார்.

"கேபிள் லூஸா இருந்திருக்கும் பாய்" என்றாள்.

அவர் போய்க் கேபிளைக் கழற்றிப் பார்த்தார், மாட்டிப் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது. திரும்பி வந்தவர் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. "நாளைக்கு ஒரு கண் டாக்டரைப் பாத்துடு தாயி" என்று மட்டும் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் ஒரு வெள்ளைக் கிண்ணம் போன்ற இயந்திரத்துக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். நடுவில் இருக்கும் புள்ளியை மட்டும் பார்க்க வேண்டும், எங்கே வெளிச்சம் தெரிந்தாலும் கையில் இருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். பொத்தான் அழுத்துவது அவள் தொழில். சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள். நடுவில் சில வெளிச்சங்கள் வந்தன, அழுத்தினாள். பிறகு ஒன்றும் வரவில்லை. காத்துக்கொண்டே இருந்தாள். இயந்திரம் நின்றுவிட்டது போல என்று நினைத்து, "சிஸ்டர், இது ஓடுதா?" என்று கேட்டாள்.

"ஓடிக்கிட்டுத்தான் மேடம் இருக்கு" என்றாள் அந்தப் பெண். சற்றுப் பொறுத்து, குரலைத் தாழ்த்தி, "நிறைய வந்துச்சு மேடம்" என்றாள்.

டாக்டர் வயதில் சின்னவர். சுற்றி வளைக்காமல் சொன்னார். விழித்திரை ஓரத்திலிருந்து அழிந்துகொண்டு வருகிறது. நடு இன்னும் நன்றாக இருப்பதால்தான் எழுத்துப் பலகையைக் கடைசி வரிவரை படிக்க முடிகிறது. பிறவியிலேயே உடம்போடு வந்தது.

"மருந்து?"

"உங்களுக்குக் குடுக்கற மாதிரி இப்ப எதுவும் இல்லைம்மா."

"இதோட நின்னுடுமா?"

"நிக்காது. மெதுவாப் போகும். எவ்வளவு மெதுவான்னு என்னால சொல்ல முடியாது." பிறகு பக்கத்தில் இருந்த குமுதவல்லியைப் பார்த்தார். "நீங்களும் உங்க வீட்டுக்காரரும் சொந்தமாம்மா?"

"அவர் எனக்கு மாமா பிள்ளை" என்றாள் குமுதவல்லி.

டாக்டர் தலையாட்டினார். கூடப் பிறந்தவர்கள் உண்டா என்று கேட்டார். ஒரு தம்பி என்றதும், "அவரையும் ஒரு தடவை வந்து பாக்கச் சொல்லுங்க. இருந்தே ஆகணும்னு இல்ல. இருக்கவும் இருக்கலாம்" என்றார்.

வீடு திரும்பும் ஆட்டோ காவிரிப் பாலத்தில் ஏறியது. காற்று முகத்தில் அடித்தபோது குமுதவல்லி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கமலினி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுகை ஓய்ந்ததும் குமுதவல்லி சொன்ன முதல் வார்த்தை மகளைப் பற்றியது அல்ல.

"ஹ்ருஷிகிட்ட இப்போ ஒண்ணும் சொல்லாதேடி. ஜாதகம் வெளியில போயிண்டிருக்கு."

"டாக்டர் அவனையும் பாக்கணும்னாரேம்மா."

"பாத்து என்ன பண்ணப் போறோம்? மருந்தா குடுத்துடப் போறா? பாக்காம இருந்தா அவன் பாட்டுக்கு நன்னா இருப்பான். ஒருத்தி வாழ்க்கை இப்படி ஆயிடுத்து. இன்னொருத்தனையும் சேத்துக் குழியில தள்ளச் சொல்றியா?"

ஆனால் அந்த வாரமே கமலினி, அம்மா ரங்கநாதரைச் சேவிக்கப் போயிருந்த நேரம் பார்த்து, தம்பியைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள்.

"எனக்கு ஒண்ணும் இல்லைக்கா. நான் கண்ணாடிகூடப் போடலையே" என்றான் ஹ்ருஷிகேஷ்.

"கண்ணாடிக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லைடா. ஒரு தடவை செக் பண்ணிண்டுடு."

"சரி, பண்றேன். நீ உடம்பைப் பாத்துக்கோ."

அதன்பிறகு அவள் கேட்கும்போதெல்லாம் வேலை அதிகம் என்றான். கேட்டுக் கேட்டு அவளுக்கும் அலுத்துப்போனது.

நஜிமுதீனிடம் மறைக்கவில்லை. சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு டீக்கடையில் நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கண்ணாடித் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டார். "யா அல்லாஹ்" என்றார். இரண்டு நாள் கழித்து ஒரு பெட்டியோடு வந்தார். மேடையில் இருக்கும் அத்தனை திரைக்கும் போகிற படங்களைச் சின்னச் சின்னக் கட்டங்களாக ஒரே மானிட்டரில் அடுக்கிக் காட்டும் பெட்டி.

"சுத்திலும் பாக்க வேணாம். எல்லாத்தையும் உன் மூஞ்சிக்கு நேராக் கொண்டாந்துட்டேன். போதுமா?"

போதுமானதாகத்தான் இருந்தது. பொங்கலுக்கு, பள்ளி ஆண்டு விழாக்களுக்கு, ஒரு பெரிய நகைக்கடைத் திறப்புக்கு என்று வேலை ஓடியது. கமலினிக்குக்கூட ஒரு நம்பிக்கை வந்தது. உலகத்தில் இருப்பதையெல்லாம் ஒரு கைக்குட்டை அகலத்துக்குள் மடித்து வைத்துக்கொண்டால் கடைசிவரை ஓட்டிவிடலாம் என்று நினைத்தாள்.

ஆனால் கைக்குட்டையும் பெரிதாகிப்போனது. மானிட்டரின் ஓரக் கட்டங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. நாற்காலியைப் பின்னால் நகர்த்தினாள். தூரத்திலிருந்து பார்த்தால் முழுத்திரையும் மறுபடி பார்வை வட்டத்துக்குள் வந்தது. ஆனால் கட்டங்கள் சின்னதாகத் தெரிந்தன, கை பொத்தான் பெட்டிக்கு எட்டவில்லை. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். இன்னும் கொஞ்ச மாதம் போனது. மறுபடி நகர்த்தினாள். கட்டங்களுக்கு மேலே போட்டிருந்த பெயர்களை அந்தத் தூரத்திலிருந்து படிக்க முடியவில்லை. கிட்டே போனால் படம் தெரியவில்லை, எட்டிப் போனால் எழுத்து தெரியவில்லை. முதுகு ஒருநாள் அரங்கத்தின் பின்சுவரில் இடித்தது. இனி நகர்த்த இடம் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் அனிஷாவின் நிகழ்ச்சி வந்தது. காட்டூரில் நாட்டியப் பள்ளி வைத்திருந்தவள். கொள்ளிடத்தில் வெள்ளம் வந்த கதையைத் தனி ஆளாக மேடையில் ஆட வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. மாதக்கணக்கில் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசியிருந்தார்கள். பின்சுவரில் ஆறு, ஓரங்களில் இடி மின்னல், காலுக்குக் கீழே தரைத்திரையில் மெல்ல ஏறும் தண்ணீர். அனிஷா கால் வைத்த இடத்தில் வளையம் விரியும். அதை ஒத்திகையில் பார்த்த நஜிமுதீனே வாயடைத்துப்போனார்.

இருந்தும் அவர் சொன்னார். "மதுரையிலேருந்து ரத்தினவேல்னு ஒருத்தர் வந்திருக்காரும்மா. நல்ல வேலைக்காரரு. பக்கத்துல உக்காரட்டும். நீ சொல்லு, அவரு பாத்துக்கட்டும்."

"இது ஒண்ணு மட்டும் நானே பண்ணிடறேன் பாய். இதுக்கப்புறம் அவர் வரட்டும்."

"உனக்குத் தெரியுதா? உண்மையைச் சொல்லு."

"தெரியுது" என்றாள் கமலினி.

அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சரி என்றார். அனிஷாவிடம் இருவருமே எதுவும் சொல்லவில்லை.

முதல் பாதி குறையில்லாமல் போனது. இடைவேளையில் மேடைப் பக்கம் கரண்ட் ஒருமுறை போய் வந்தது. திரைகள் அணைந்து மறுபடி எரிந்தன. அப்படி ஆகும்போது கம்ப்யூட்டர் தன்னோடு இணைந்த திரைகளைப் புதிதாக எண்ணிக்கொள்ளும். சில சமயம் வரிசை மாறிவிடும். ஒன்றுக்குப் போக வேண்டிய படம் இன்னொன்றுக்குப் போகும். கமலினியின் மானிட்டரில் அது தெரியாது. அங்கே தெரிவது அனுப்புகிற படம்தான், போய்ச் சேருகிற இடம் அல்ல. மேடையை நிமிர்ந்து பார்த்து ஒவ்வொரு திரையாகச் சரிபார்க்க வேண்டும். அவள் நிமிர்ந்து பார்த்தாள். பின்சுவர் சரியாக இருந்தது. மற்றதற்குத் தலையைத் திருப்பித் திருப்பித் தேடுவதற்குள் பாட்டு எடுத்துவிட்டார்கள். வெள்ளத்துக்கு முந்தைய இருட்டு அது. எல்லாத் திரையும் கறுப்பு. மாறிப்போயிருந்தது தெரிய வழியில்லை.

அனிஷா மேடையின் விளிம்புக்கு வந்தாள். மிருதங்கம் இடித்தது. கமலினி மின்னலை அழுத்தினாள்.

ஓரத்துத் திரைகளில் வெட்ட வேண்டிய மின்னல் அனிஷாவின் காலடியில் வெட்டியது. வெள்ளை வெளேரென்று தரை எரிந்து அணைந்தது. ஓரத்தில் தண்ணீர் சும்மா ஏறிக்கொண்டிருந்தது. அரங்கத்தில் இருந்த அத்தனை பேருக்கும் அது தெரிந்தது. கண்ணுள்ள யார் அந்த மேசையில் இருந்தாலும் மூச்சு விடுவதற்குள் எல்லாவற்றையும் அணைத்திருப்பார்கள். கமலினியின் வட்டத்துக்குள் இருந்தது அனிஷாவின் முகம் மட்டும். கண்கள் இறுக மூடித் திறந்தன. கன்னம் இழுத்துக்கொண்டது. தலை ஒரு பக்கம் திரும்பி வெளிச்சத்துக்கு ஒளிந்தது. வெள்ளத்தைக் கண்டு நடுங்குகிற பெண்ணை எவ்வளவு நன்றாகக் காட்டுகிறாள் என்று கமலினி நினைத்தாள். மிருதங்கம் வேகமெடுத்தது. அவளும் வேகமாக அழுத்தினாள்.

திடீரென்று முகத்தைக் காணவில்லை.

தேடினாள். அந்தச் சின்ன ஓட்டையை வைத்துக்கொண்டு மேடை முழுக்கத் தேடினாள். சுவர் தெரிந்தது, ஆறு தெரிந்தது, ஒரு தூணின் பாதி தெரிந்தது. ஆட்கள் எழுந்து ஓடும் சத்தம் கேட்டது. பாட்டு நின்றது. மைக்செட்காரர் எழுந்து அவள் கையைப் பொத்தான்களிலிருந்து தள்ளிவிட்டார். அதுவரை அவள் விரல் மின்னலின் மேலேயே இருந்தது.

மேடைக்கு முன்னால் சிமெண்டுத் தரையில் அனிஷா கிடந்தாள். முழங்கால் முறிந்து, உள்ளே தசைநாரும் கிழிந்திருந்தது. நடப்பதற்குப் பயமில்லை என்றார்கள் டாக்டர்கள். ஆடுவதைப் பற்றிக் கேட்டபோது முதலில் நடக்கட்டும் என்றார்கள்.

கேட்டவர்களிடமெல்லாம் நஜிமுதீன்தான் பதில் சொன்னார். கரண்ட் போய் வந்தது, கம்ப்யூட்டர் திரைகளை மாற்றிப் போட்டுவிட்டது, யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார். முதல் இரண்டும் உண்மை. ஊரும் அதை ஏற்றுக்கொண்டது. கமலினியை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தாலாவது அவளுக்குப் பாரம் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

ஒருநாள் மத்தியானம் தனியாகப் பஸ் மாறி மாறிக் காட்டூருக்குப் போனாள். அனிஷா கட்டிலில் காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துப் படுத்திருந்தாள். "வாங்கக்கா" என்று அன்பாகத்தான் கூப்பிட்டாள். வீட்டிலிருந்தவர்கள் காப்பி கொடுத்துவிட்டு உள்ளே போனார்கள்.

"அனிஷா, எனக்குக் கண்ணு ஓரத்துல தெரியாது" என்று தொடங்கினாள் கமலினி. நடுவில் நிறுத்தினால் முடிக்க முடியாது என்று ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னாள். இயந்திரத்தில் முகம் வைத்தது முதல், முகத்தைப் பார்த்து நன்றாக ஆடுகிறாள் என்று நினைத்துக்கொண்டு இன்னும் அழுத்தியதுவரை.

அனிஷா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு நாளாத் தெரியும்க்கா உங்களுக்கு?"

"நாம பேச ஆரம்பிக்கறதுக்கு முன்னாலேயே தெரியும்."

"நஜீம் பாய்க்கு?"

கமலினி காப்பித் தம்ளரைக் கீழே வைத்தாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, தரைத்திரை வேணாம்னு எடுத்திருப்பேன். அதைக்கூட எடுத்திருக்க மாட்டேன், உங்க பக்கத்துல ஒரு ஆளை உக்கார வெச்சிருப்பேன். நீங்கதான் வேணும்னு இருந்திருப்பேன்க்கா." குரல் உயரவே இல்லை. "ஒரு வார்த்தை."

"மன்னிச்சுக்கோம்மா."

"முடியலைக்கா. போயிட்டு வாங்க. இல்ல, இனிமே வராதீங்க."

காப்பி ஆறிப்போயிருந்தது. கமலினி எழுந்து சுவரைத் தடவிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். உள்ளேயிருந்து அழுகைச் சத்தம் எதுவும் வரவில்லை. வந்திருந்தால் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது.

அதோடு அந்த மேசை முடிந்தது. ரத்தினவேல் வந்து உட்கார்ந்தார். தரைத்திரைகளை நஜிமுதீன் அதன்பிறகு எந்த மேடையிலும் விரிக்கவில்லை. ஆரம்பத்தில் ஜும்ஆ தொழுகை முடிந்து ஸ்ரீரங்கம் பக்கம் வந்தால் வாசலில் நின்று பேசிவிட்டுப் போவார். இருவருக்கும் இடையில் அனிஷாவின் கால் நீட்டிப் படுத்திருந்தது. பேச்சு அதைத் தாண்டிப் போகாது. வரவு குறைந்தது. கமலினி ஒரு டிராவல்ஸ் ஆபீஸில் தொலைபேசிக்குப் பதில் சொல்லும் வேலைக்குப் போனாள். வட்டம் சுருங்கிக்கொண்டே வந்தது. நாளிதழின் தலைப்பை ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படிக்கும் நிலைக்கு வந்தபோது ஹ்ருஷிகேஷுக்குக் கல்யாணம் நிச்சயமானது.

பெண் ஹம்ஸா. பெங்களூரிலேயே வேலை. இருவரும் ஒரு வருஷமாகவே பழகியவர்கள். கல்யாணத்தை ஸ்ரீரங்கத்தில் வைத்துக்கொண்டார்கள். "யாராவது கேட்டா கண்ணாடி மாத்தணும்னு சொல்லு, போதும்" என்று குமுதவல்லி மகளுக்குச் சொல்லி வைத்தாள்.

முகூர்த்தத்தன்று காலை, மணப்பெண் அறையில் கமலினி ஹம்ஸாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கலகலப்பான பெண். தலையில் பூ வைத்துக்கொண்டிருந்தவர்கள் திட்டத் திட்டத் திரும்பித் திரும்பிப் பேசினாள்.

"உங்க தம்பி ராத்திரின்னா கார்ச் சாவியை என் கையில குடுத்துடறார்க்கா. தூக்கம் வந்துடறதாம். தியேட்டர்ல நுழைஞ்சா என் தோளைப் பிடிச்சுண்டுதான் வருவார். எங்க ஆத்துல எல்லாரும் அவரை எவ்வளவு கேலி பண்றா தெரியுமோ?" என்று சொல்லிச் சிரித்தாள்.

கமலினியும் சிரித்தாள். பிறகு எழுந்து, ஒரு அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, மாப்பிள்ளை அறைக்குப் போனாள். பஞ்சகச்சம் கட்டிக்கொண்டு ஹ்ருஷிகேஷ் மட்டும் இருந்தான்.

"ராத்திரியில அவதான் வண்டி ஓட்டறாளாமே?"

அவன் பஞ்சகச்சத்தின் மடிப்பைச் சரிசெய்துகொண்டான்.

"இப்போவாவது டாக்டர்கிட்ட போ ஹ்ருஷி."

"போயாச்சுக்கா."

"எப்போ?"

"நீ போன் பண்ணின வாரமே."

கமலினி பக்கத்தில் இருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். "அவகிட்டச் சொன்னியா?"

"கல்யாணம் ஆகட்டும். நானே சொல்லிக்கறேன். நீ நடுவுல வராதே. ப்ளீஸ்."

"அம்மாக்குத் தெரியுமா?"

ஹ்ருஷிகேஷ் கதவுப் பக்கம் பார்த்தான். குமுதவல்லி அங்கே நின்றுகொண்டிருந்தாள். எப்போதிலிருந்து நிற்கிறாள் என்று கமலினிக்குத் தெரியாது. அம்மா வந்து மகளின் கையைப் பிடித்து, "நாழியாறது, வா" என்று அழைத்துக்கொண்டு போனாள்.

மணப்பெண் அறைக்குத் திரும்பிப் போய்விட வேண்டும் என்றுதான் கமலினி நினைத்தாள். காட்டூர்க் கட்டிலில் கேட்ட அந்த 'ஒரு வார்த்தை' காதில் நின்றது. ஆனால் அதற்குள் ஊஞ்சல் என்றார்கள், மாலை மாற்றணும் என்றார்கள். அவள் கை அம்மாவின் கையிலேயே இருந்தது. உதறிவிட்டுப் போனால் எந்தப் பக்கம் போவது என்று தெரியாத கூட்டம். அது ஒரு சாக்குத்தான். கூட்டம் இல்லாதிருந்தாலும் போயிருப்பாளா என்று அவளால் இன்றைக்கும் சொல்ல முடியவில்லை.

கெட்டிமேளம் கொட்டியது. ஹ்ருஷிகேஷ் முதல் முடிச்சைப் போட்டான். மீதி இரண்டும் நாத்தனார் போட வேண்டும். "நாத்தனார் எங்கே, நாத்தனார் எங்கே" என்று குரல்கள் எழுந்தன. யாரோ அவளை முன்னால் தள்ளினார்கள். இன்னொருத்தி ஹம்ஸாவின் பின்னலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். வட்டத்துக்குள் மஞ்சள் கயிறு ஒரு கணம் வந்தது, பிறகு அட்சதையும் பூவுமாக எல்லாம் கலங்கியது. விரல்களால் தேடிக் கயிற்றின் இரு முனைகளையும் எடுத்து முடிச்சுகளைப் போட்டாள். அவள் விரல்கள் தடவித் தேடியது ஹம்ஸாவின் கழுத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும். "மெதுவாப் போடுங்கோக்கா, ஒண்ணும் அவசரமில்லை" என்று அந்தப் பெண் முன்பக்கம் பார்த்தபடியே சொன்னாள்.

இருவரும் பெங்களூர் போய்விட்டார்கள். ஹ்ருஷிகேஷ் இன்னும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஹம்ஸா போன் செய்கிறாள். ஆத்துக்காரர் புது வீட்டில் இடித்துக்கொள்ளாத கதவு இல்லை என்று சிரிக்கிறாள். சமையல் கேட்கிறாள், மழை பெய்ததா என்று கேட்கிறாள். கமலினி எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறாள். குமுதவல்லி பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்துகொள்கிறாள். பேச்சு முடியும்வரை எழுந்திருப்பதில்லை.